ஜலீலின் இடது கை

என் அப்பா கடலூரில் சுகாதார இன்ஸ்பெக்டராக வேலை பார்த்தார். பதவியின் பெயர் அதுதான் என்றாலும், செம்மண்டலத்திலிருந்து முதுநகர் வரை அவரை ஊசிக்காரர் என்றே சொல்வார்கள். தோல்பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு அவர் ஒரு தெருமுனையில் திரும்பினால் மறுமுனையில் பிள்ளைகள் காணாமல் போவார்கள். கட்டிலுக்கு அடியில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக் கொல்லையில் என்று அவர்களை ஒளித்து வைப்பார்கள். அம்மை குத்தினால் கை வீங்கும், ஜுரம் வரும். குத்தாவிட்டால் வரக்கூடியது எப்போதோ வருவது, வராமலும் போகலாம். எல்லாத் தெருவிலும் இதே கணக்குதான். எங்கள் வீட்டிலேயே, அப்பா பையோடு வெளியே போகும்போது அம்மா வாசலில் வேப்பிலை செருகுவாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

அப்பா பேசியதெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போதுதான். அன்றைக்கு எந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் சொல்வார். அவருக்குப் பெண்கள் குரலில் பேசவும் வரும்.

“நான் குத்திட்டு அடுத்த வூட்டுப் படி ஏறல, அதுக்குள்ள பெத்தவ புள்ளை கைய வாயில வெச்சு உறிஞ்சித் துப்பறா. அப்புறம் அடுப்புச் சாம்பல எடுத்து ஒரு தேய்ப்பு. அவ்வளோதான், நான் குத்துனதும் ஒண்ணுதான், குத்தாததும் ஒண்ணுதான்” என்பார். அம்மா சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ரசத்தைக் குடித்தபடி நான் அதையெல்லாம் மனத்தில் வாங்கிக்கொண்டிருந்தேன் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அறுபதுகளின் நடுவில், நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, திட்டக்குடிப் பக்கம் பெரியம்மை வந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அந்த மாதம்தான் சிதம்பரத்தில் பள்ளிகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். போட்டியை நடத்துகிறவர்கள் நிறுத்துவதாக இல்லை. வருவதும் வராததும் அந்தந்தப் பள்ளியின் விருப்பம் என்று எழுதிவிட்டார்கள்.

எங்கள் ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார். அன்று இரவு சாப்பாட்டில் அந்தக் கூட்டம் முழுவதையும் அப்பா நடித்துக் காட்டினார்.

“அனுப்பாதீங்க சார்னு சொன்னேன். அதுக்கு உங்க டிரில் மாஸ்டரு, ‘பத்து மாசமா ஓட வெச்சிருக்கேன் சார், வெயில்ல நின்னு என் முடியே போச்சு’ன்னாரு. அந்தாளு தலையில முடி எப்ப இருந்துச்சு?”

“அப்புறம்?” என்றாள் அம்மா.

“அடுத்த வருஷமும் கால் இருக்கும், ஓடிக்கலாம்னேன். ஹெட்மாஸ்டர் பாவம், ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்க்கறாரு. கடைசில, போற பன்னெண்டு பசங்களுக்கும் நீங்களே குத்துங்க, எல்லாருக்கும் எழும்பியிருக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, அப்பதான் அனுப்புவேன், இல்லன்னா இல்லைன்னுட்டாரு.”

எழும்புவது என்றால் குத்திய இடத்தில் கொப்புளம் வருவது. கொப்புளம் வந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று பொருள். வராவிட்டால் திரும்பவும் குத்தவேண்டும்.

“சரின்னுட்டீங்களா?” என்று அம்மா கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். “சரின்னுட்டேன்” என்றார்.

அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்பது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். தொடர் ஓட்டத்தில் நான் மூன்றாவது ஆள். முந்தைய வருடம் நாலாவது ஆளிடம் கொடுக்கும்போது கட்டையைக் கீழே போட்டது நான்தான். அதன்பிறகு ஒரு வருடம் முழுக்க, நான் பக்கத்தில் வந்தால் போதும், எவனாவது பென்சிலையோ புத்தகத்தையோ கீழே போட்டுவிட்டு, “ஐயோ, விழுந்துடுச்சே” என்பான். ஆசிரியர்கள்கூடச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு ஓர் ஓட்டம் வேண்டும். அதைவிடப் பெரிதாக உலகத்தில் எதுவும் அப்போது எனக்கு இல்லை.

இந்த வருடத்து நாலாவது ஆள் ஜலீல். முதுநகர்ப் பையன். அவன் வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார், இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை வருவார். ஜலீல் ஓடும்போது அவன் கால்கள் தரையில் பட்ட சத்தம் கேட்காது. என்னை மச்சான் என்று கூப்பிடுவான், நானும் அவனை அப்படித்தான். என்னைப் பார்த்து ஒரு நாளும் அவன் பென்சிலைக் கீழே போட்டதில்லை.

குத்தும் நாள் வந்தது. பள்ளி வராந்தாவில் சட்டையைக் கழற்றி நிறுத்தினார்கள். சின்னச் சக்கரம் போன்ற முனையுள்ள கருவியை அப்பா தோலில் வைத்துத் திருகுவார், அதன்மேல் மருந்துத் துளி. எங்கள் எல்லாருக்கும் கைக்குழந்தையில் குத்திய பழைய தழும்பு இருந்தது. ஜலீலின் கையில் ஒன்றுமே இல்லை.

“என்னடா தம்பி, சுத்தமா இருக்குது?” என்றார் அப்பா.

“நீங்க வரும்போதெல்லாம் உம்மா என்னைப் பெட்டிக்குப் பின்னால உட்கார வெச்சிடுவாங்க மாமா. ஒரு தடவை நீங்க அந்தப் பெட்டி மேலதான் உட்கார்ந்து தண்ணி குடிச்சீங்க” என்றான். வராந்தா முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

பிறகு சொன்னார்: “முதல் தடவை. நல்லா எழும்பும். எட்டாம் நாள் ஜுரம் அடிக்கும், கையத் தூக்க முடியாது. கூடப் போகலாம், ஓடறது சந்தேகம்தான்.”

போட்டி சரியாக எட்டாம் நாள்.

ஜலீல் சட்டையை மாட்டாமல் நடந்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். இருந்தாலும், நான் செய்ததை அவனுக்காகச் செய்தேன் என்று இப்போது சொன்னால் பொய்யாகிவிடும். அவன் ஓடாவிட்டால் அவனுடைய இடத்தில் வரக்கூடியவன் போன வருடம் என்னிடம் கட்டை வாங்கத் தவறியவன். அதுதான் என் தலைக்குள் ஓடியது.

பள்ளிக் கிணற்றுக்குப் பின்னால் மதிய உணவுக்குச் சமைக்கும் கொட்டகை இருந்தது. அவனை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். மருந்து இன்னும் காயவில்லை. முதலில் தண்ணீர், பிறகு ஈரச் சாம்பல், பிறகு மறுபடியும் தண்ணீர். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கொடுத்தான்.

“ஊசி வீணாப் போயிடாதா மச்சான்?” என்று கேட்டான்.

“மருந்து உள்ள போயிடுச்சு. மேல இருக்கறது வீக்கத்துக்கு மட்டும்தான். எங்க அப்பாவே சொல்லியிருக்காரு” என்றேன்.

அப்பா சொல்லியிருந்தது இதற்கு நேர் மாறானது. அது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி நான் அறுபது வருடங்கள் யோசித்திருக்கிறேன். சிறுவன், அறியாமல் சொல்லிவிட்டான் என்று எனக்கு நானே வாதாட முயன்றிருக்கிறேன். முடியவில்லை. ஊசிக்காரர் மகன் சொன்னதால் அவன் நம்பினான். நம்புவான் என்று தெரிந்துதான் நானும் அப்பாவை இழுத்தேன்.

ஆறாம் நாள் காலையில் அப்பாவைத் திட்டக்குடிக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது. அங்கே குத்துவதற்கு ஆட்கள் போதவில்லை. அவர் அவசரமாகத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். மேசையில் பன்னிரண்டு பெயர்கள் எழுதிய தாள் இருந்தது. அடியில் அவருடைய கையெழுத்தும் முத்திரையும் ஏற்கெனவே இருந்தன.

“நாளைக்கு ஒவ்வொருத்தன் கையையும் பாரு. எழும்பியிருந்தா பேருக்கு நேரா ஒரு கோடு போடு. எழும்பாதவன் யாரா இருந்தாலும் போவக் கூடாது. உன் கையா இருந்தாலும். பார்த்துட்டு ஹெட்மாஸ்டர்கிட்ட குடுத்துடு.”

“நானாப்பா?”

“உனக்குத் தெரியாததா? கொப்புளம் பார்த்தே வளர்ந்தவன் நீ” என்று சொல்லி, என் தலையைத் தட்டிவிட்டுப் போனார். பார்க்காமல் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கமே அல்ல. அந்த ஒரு தடவைதான் போட்டார்.

மறுநாள் மைதானத்தில் பதினொரு கைகளை ஒழுங்காகப் பார்த்தேன். சிலருக்குச் சிறிய கொப்புளம், சிலருக்குப் பெரியது. எனக்கும் எழும்பியிருந்தது. ஜலீலின் கையில் சாம்பல் தேய்த்த கீறல் மட்டும் பொருக்குத் தட்டிக் காய்ந்திருந்தது. அவன் பெயருக்கு நேராகவும் கோடு போட்டேன். மற்றவர்களுக்குப் போட்ட அதே நீளத்தில், அதே அழுத்தத்தில். ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு கோடுகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “சரி, போயிட்டு வாங்க” என்றார். அனுப்புவதா வேண்டாமா என்று இரண்டு வாரமாக அவரைத் தூங்கவிடாத கேள்விக்கு அந்தத் தாள்தான் விடை.

டிரில் மாஸ்டர் ஜலீலைக் கூப்பிட்டு, “கை எப்படிடா?” என்றார். அவன் இடது கையைச் சக்கரம்போலச் சுழற்றிக் காட்டினான். “வலிக்கல சார்.” அவர் மேலே கேட்கவில்லை. கேட்டுவிடக் கூடாதே என்று அவருக்கும் இருந்திருக்கலாம்.

ரயிலில் சிதம்பரம் போய் இறங்கினோம். அண்ணாமலை நகர்ப் பக்கமிருந்து கல்லூரி மாணவர்கள் சைக்கிளில் கூட்டமாக வந்து கொண்டிருந்தார்கள். ஜலீல் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு சைக்கிளோடு போட்டி போட்டு ஓடினான். சைக்கிள்காரர் சிரித்துக்கொண்டே தோற்றுப்போனார்.

எங்களை ஒரு சத்திரத்தில் தங்க வைத்தார்கள். அதே கூடத்தில் மேற்கேயிருந்து வந்த ஒரு பள்ளியும் இருந்தது. பொழுது சாயும் நேரம், அவர்களில் ஒரு பையன் மூலையில் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தான். முதுகு வலிக்கிறது என்று முனகினான். முகத்தில் இரண்டு மூன்று சிவந்த புள்ளிகள். அவனுடைய ஆசிரியர் டாக்டரைத் தேடிப் போயிருந்தார். கூடத்தில் இருந்த எல்லாரும் தங்கள் பாயைச் சுருட்டி எதிர்ச் சுவருக்குப் போய்விட்டார்கள். அந்தப் பையன் தண்ணீர் கேட்டான். யாரும் எழவில்லை.

எங்கள் டிரில் மாஸ்டர் நல்ல மனிதர். அவரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “நம்ம பசங்க எல்லாரும் குத்திக்கிட்டவங்கதானே, நமக்கென்ன பயம்?” என்றார். பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்தார். “ஜலீல், உனக்குத்தான் புது ஊசி, முதல் ஊசி. உன்னை ஒண்ணும் அண்டாது. அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடு, அவங்க சார் வர்ற வரைக்கும் பக்கத்துல உட்காரு.”

ஜலீல் என்னைப் பார்த்தான். அது பயந்த பார்வை இல்லை. சரிதானே மச்சான், என்று கேட்கும் பார்வை. ஊசிக்காரர் மகன் அல்லவா நான்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் கோடு போட்ட தாள் வெளியே வரும். காலையில் ஓட்டம் இருக்காது. அப்பாவின் பெயர் வரும். இந்த மூன்றில் அப்பாவின் பெயர் கடைசியாகத்தான் என் நினைவுக்கு வந்தது. நான் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த கால்சட்டை நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

நான் தலை நிமிர்ந்தபோது ஜலீல் அந்தப் பையனின் தலையைத் தன் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டு, டம்ளரை அவன் வாயில் சாய்த்துக்கொண்டிருந்தான். “எந்த ஊர்டா நீ? எதுல ஓடறே?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் நாங்கள் வென்றோம். நான் ஓடி வந்தபோது ஜலீலின் இடது கை பின்னால் நீண்டு விரிந்திருந்தது. துளி வலி இல்லாத கை. கட்டையை அதில் வைத்தேன். அது அங்கேயே தங்கியது. அதன்பிறகு ஒருவரும் என் முன்னால் பென்சிலைக் கீழே போடவில்லை.

ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ஜலீல் பள்ளிக்கு வராமல் நின்றான். அப்பா திட்டக்குடியிலிருந்து திரும்பி வந்த அன்றே செய்தி கிடைத்து முதுநகருக்குப் போனார். வரும்போது வெளியிலேயே கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வந்தார். சாப்பிட உட்காரவில்லை.

“ஜலீல் கைய நீ பார்த்தியா?”

“பார்த்தேன்பா.”

“எழும்பியிருந்துச்சா?”

“எழும்பியிருந்துச்சுப்பா.”

எழும்பிய கையில் தழும்பு விழும். முதல் தடவை என்றால் காசு அகலத்துக்கு விழும். அது ஆயுசுக்கும் போகாது. ஜலீலின் தழும்பில்லாத கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தவரிடம்தான் நான் இதைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “போய்ப் படி” என்றார்.

ஜலீல் பிழைத்துக்கொண்டான். இரண்டு கண்களும் போயின. பள்ளிக்கு அவன் திரும்பி வரவில்லை. பின்னாளில் அவன் மாமாவின் கடையில் உட்கார்ந்து, துணியைத் தடவிப் பார்த்தே இது இன்னது என்று சொல்லும் அளவுக்குத் தேறினான். நான் படித்து, வேலைக்குப் போய், விடுமுறைக்கு வரும்போது அவனைப் பார்க்கப் போவேன். கடைக்கு வந்தவர்களிடம், “இவன் என் மச்சான். இவன் கட்டையக் குடுத்தா கீழ விழவே விழாது” என்பான். குத்திக்கொண்ட பிறகும் நோய் வந்தது தன் விதி என்றுதான் கடைசிவரை நம்பினான். அவன் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்வதற்காகவே இரண்டு முறை ரயிலேறி வந்தேன். இரண்டு முறையும் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஜலீலுக்கு நோய் கண்ட அந்த மாதத்தின் ஒரு சனிக்கிழமையைப் பற்றி.

“சைக்கிளப் பிடிச்சிக்க ஆள் வேணும், வா” என்றார் அப்பா. அதற்குமுன் அவர் என்னை வேலைக்கு அழைத்துப் போனதே இல்லை. ஜலீலின் தெருவுக்குத்தான் போனோம். நோய் கண்ட வீட்டைச் சுற்றியிருந்த எல்லாருக்கும் உடனே குத்தியாக வேண்டும். அவர் கதவைத் தட்டினார். நான் அவருக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல் மட்டும் வந்தது. “அந்தப் புள்ளைக்கு நீங்கதானே அண்ணே குத்துனீங்க? பள்ளிக்கூடத்துல எழுதிக்கூடக் குடுத்தீங்களாமே. அவனுக்கே கண்ணு போயிடுச்சு. இன்னும் எதுக்கு எங்க புள்ளைங்கள?”



அடுத்த வீட்டிலும் அதையே கேட்டார்கள். அதற்கடுத்த வீட்டில் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அதன் வழியாக இரண்டு வயதுக் குழந்தை ஒன்று நழுவி வெளியே வந்து, சைக்கிள் மணியைத் தொட எம்பியது. நான் அதைத் தூக்கிப் பிடித்தேன். இரண்டு முறை அடித்தது. ஒரு கை வந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. அந்தக் கோடையில் அந்தத் தெருவில் அம்மையில் போன பிள்ளைகளில் அதுவும் ஒன்று.

ஏழு கதவுகள். ஏழிலும் ஒரே கேள்வி. ஒவ்வொன்றிலும் கேள்வி முடிந்த பிறகு அப்பா உடனே திரும்பவில்லை. பையின் வாரைத் தோளில் மாட்டாமல், கதவைப் பார்த்தபடி சிறிது நேரம் நிற்பார். பிறகுதான் அடுத்த வீட்டுக்கு நடப்பார். என் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. வெயில் அதிகம், வயதாகிறது, களைத்துப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டவர்களுக்குச் சொல்ல அவரிடம் பதில் இல்லை என்றும் நினைத்தேன். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை, தன் கையெழுத்தை மறுக்கவும் வரவில்லை என்பதெல்லாம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டில் அவர் வேலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா கேட்டால், “ஒண்ணும் இல்ல” என்பார்.

சைக்கிள் பிடிக்க அவருக்கு எப்போதும் ஆள் தேவைப்பட்டதில்லை. அதற்கு ஸ்டாண்டு இருந்தது. ஏழு கதவுகளிலும் அவர் நின்ற அந்தச் சிறிது நேரம் நான் பேசுவதற்காக. நான் சைக்கிளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.